24 அடி அகலக் காணியில் மேல்மாடி: வவுனியா ஒழுங்கை ஒன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

வன்னியில் காணிக்கு என்ன பஞ்சம் என்று வெளியூர்க்காரர் கேட்பதுண்டு. முத்தையன்கட்டிலோ மல்லாவியிலோ அரை ஏக்கர் வளவில் வீடு கட்டுபவருக்குப் பக்க எல்லை ஒரு பிரச்சினையே இல்லை. வவுனியா நகரம் வேறு கணக்கு. பண்டாரிக்குளம், குருமன்காடு, தோணிக்கல் பக்கங்களில் தகப்பனின் இரண்டு பரப்பு மூன்று பிள்ளைகளுக்குப் பிரிந்தால், ஆளுக்கொரு நீட்டுத் துண்டுதான் மிஞ்சும். அந்தத் துண்டில் ஏற்கெனவே ஒரு சிறிய வீடு நிற்கும். பிள்ளைகள் வளர்ந்ததும் மேலே எழுப்புவதைத் தவிர வேறு வழியிருக்காது.

இங்கே எடுத்துக்கொண்டது அப்படியான ஒரு வீடு. காணி 24 அடி அகலம், 75 அடி நீளம். 1800 சதுர அடி, அதாவது 6.6 பேர்ச். முன்னால் 12 அடி ஒழுங்கை. வீடு போருக்குப் பிறகு கட்டியது. அக்காலத்தில் இந்திய வீட்டுத்திட்டம் ஐந்தரை இலட்சம் ரூபா கொடுத்து 550 சதுர அடி என்று அளவு வைத்தது. இந்த வீடும் ஏறத்தாழ அந்த அளவே: உடல் 18 அடி 6 அங்குலம் அகலம், 31 அடி நீளம். முன்னால் 4 அடி விறாந்தை, பின்னால் 10 அடிக்கு 10 அடி குசினி. சுவர் 6 அங்குலச் சீமெந்துக் கல், தூண் கிடையாது. வலப்பக்கம் எல்லைக்கும் சுவருக்கும் இடையில் 1 அடி, இடப்பக்கம் 4 அடி 6 அங்குல ஓடை. பின்னால் கிணறும் 25 அடி வெறும் நிலமும்.

வீட்டுக்காரர் முதலில் கொண்டுவந்த படத்தில் மேலே மூன்று அறை, விறாந்தைக்கு மேலே பல்கனி, இடப்பக்க ஓடையில் இரும்புப் படிக்கட்டு எல்லாம் இருந்தன. தூண் எங்கே நிற்கும் என்று மட்டும் இல்லை. இப்படியான வேலைகளில் பிழை தொடங்குவது பெரும்பாலும் இங்கேதான். ஒடுங்கிய காணியில், கட்டட அனுமதி தரும் சபையின் கோடும் தூணின் அடித்தகடும் (தூணைத் தாங்க மண்ணுக்குள் போடும் கொங்கிறீற் தட்டு) ஒரே சில அங்குலங்களுக்காகப் போட்டி போடுகின்றன. அறையை எப்படியும் மாற்றிக் கீறலாம். தகட்டை எல்லைக்கு அப்பால் போட முடியாது. ஆகவே தூண் படம் முதலில், அறைப் படம் பிறகு.

சபையின் கோடுகள்

நகர எல்லைக்குள் நகர அபிவிருத்தி அதிகார சபையின் சட்டம் (1978 இன் 41ஆம் இலக்கம்) வரும். அதன் 1986 ஒழுங்குவிதிகளின் இடத்துக்கு 2021 யூலையில் புதிய திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. அதற்கும் பழையது 1915 இன் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். இவற்றைப் படித்து அடி, அங்குலத்தை நாமே தீர்மானிப்பதில் பலனில்லை. ஒழுங்கைக்கு ஒழுங்கை வீதிக்கோடு வேறு. ஏ9 வீதி ஓரமென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கோடும் சேர்ந்து வரும். சரியான வழி, படம் கீற முதலே வீதிக்கோட்டுச் சான்றிதழுக்கும் முன்னனுமதிக்கும் விண்ணப்பித்து, அந்தக் காணிக்குரிய அளவுகளை எழுத்தில் எடுப்பது. நில அளவையாளரின் வரைபடம், உறுதியின் பிரதி, மதிப்பீட்டு வரிப் பற்றுச்சீட்டு மூன்றும் கையில் வேண்டும்.

உறுதிக்காணி இல்லாமல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் (1935 இன் 19) கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணி என்றால் வேலை பிரதேச செயலகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அனுமதிப்பத்திரம் இன்னும் தகப்பன் பெயரில் இருக்கையில், குடும்பத்துக்குள் வேலி போட்டுப் பிரித்த துண்டுக்கு மகன் பெயரில் படம் போகாது. வன்னியில் இது அடிக்கடி இடறும். மேசன் வந்து நிற்கும்போதுதான் தெரியவரும்.

இந்தக் காணிக்குக் கிடைத்த அளவுகள் இவை: கட்டட எல்லைக்கோடு ஒழுங்கையின் நடுவிலிருந்து 15 அடி, பின்பக்கம் 10 அடி, யன்னல் திறக்கும் பக்கத்தில் 1 மீற்றர், யன்னலில்லாச் சுவர் இப்போது நிற்கும் கோட்டிலேயே உயரலாம், ஆனால் எல்லையைத் தாண்டி எதுவும் நீட்டக்கூடாது, மழைநீரும் விழக்கூடாது.

இதைக் காணியில் போட்டுப் பார்த்தால் முன் கோடு எல்லையிலிருந்து 9 அடி உள்ளே வருகிறது. வீட்டின் உடல் சரியாக அதிலேயே நிற்க, விறாந்தை முழுதும் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. பழைய விறாந்தையை யாரும் உடைக்கச் சொல்லவில்லை. அதற்கு மேலே புதிதாக எதையும் ஏற்ற முடியாது, அவ்வளவுதான். பல்கனி அங்கேயே போயிற்று. அதை உள்ளுக்கு இழுத்து, மேல் முன்னறையில் 4 அடியை விட்டுத் திறந்த விறாந்தையாக்க வேண்டியிருந்தது. ஓடைப் படிக்கட்டும் போயிற்று. ஓடை திறந்த வெளியாகக் கணக்கிடப்பட்ட இடம், அதில் நிரந்தரமாக எதையும் நாட்ட அனுமதியில்லை. சில இடங்களில் அனுமதி எடுத்தபின் இரும்புப் படியைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவார்கள். பிறகு சி.ஓ.சி. (அனுமதித்தபடியே கட்டியதென்ற இணக்கச் சான்றிதழ்) கிடைக்காது, அது இல்லாமல் வங்கிக் கடனின் கடைசித் தவணை வராது.

63½ பாகை வெளிச்சக் கோட்டைப் (ஒழுங்கையின் அக்கரையிலிருந்து சாய்வாகக் கீறும், கட்டடம் தாண்டக்கூடாத கோடு) பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். கணக்கு மிக இலேசானது. அந்தப் பாகையில் கோடு ஒரு அடி தள்ளினால் இரண்டு அடி ஏறும். ஆகவே உயரம், தூரத்தின் இரண்டு மடங்குக்குள் இருந்தால் போதும். இங்கே உடலின் முன்பக்கத்திலிருந்து ஒழுங்கையின் அக்கரை 21 அடி. கூரை உச்சியும் ஏறத்தாழ 21 அடி. எட்டவே எட்டாது. இரண்டு மாடிக்கு இது பொதுவாகத் தடையில்லை.

பழைய அத்திவாரத்தில் என்ன இருக்கிறது

சுவர் வெடிக்கவில்லை, வீடு பலமாய்த்தான் இருக்கிறது என்ற பேச்சை ஏற்கக்கூடாது. ஒரு தட்டுக் கூரையைச் சுமக்கிற சுவர் வெடிக்காதது ஒன்றையும் காட்டாது. முன்மூலையிலும் பின்பக்க நடுவிலும் சுவரோடு ஒட்டி 3 அடிக்கு 3 அடி கிடங்கு வெட்டிப் பார்க்க வேண்டும். கைமண்வெட்டிதான், இயந்திரம் வேண்டாம்.

படத்தில் கருங்கல் அத்திவாரம் 18 அங்குல அகலம் என்றிருந்தது. கிடங்கில் கண்டது 12 அங்குலம். ஆழம் 1 அடி 9 அங்குலம். நிலமட்டத்துக்கு மேலே 6 அங்குலக் கட்டுவளையில் (சுவரடியைக் கட்டும் கொங்கிறீற் பீம்) இரண்டே இரண்டு 10 மிமீ கம்பி. பணம் தவணை தவணையாக வந்த காலத்தில் அத்திவாரத்தில் மிச்சம் பிடிப்பது வழமை. இதைப் பார்த்து வியக்க ஒன்றுமில்லை. மண் நல்ல மண்: ஒரு அடிச் செம்மண்ணுக்குக் கீழே கிரவல் கலந்த இறுகிய நிலம். கடப்பாரை 2 அடி 6 அங்குலத்தில் பாயவில்லை. பொறியியலாளர் சதுர மீற்றருக்கு 10 தொன் என்று எடுத்துக்கொண்டார். இதே வீடு முருங்கன் பக்கம் கருங்களியில் இருந்திருந்தால் கதை வேறு. அந்தக் களி மாரியில் ஊதி, கோடையில் கைநுழையும் அளவுக்கு வெடிக்கும். இந்த ஆய்விலுள்ள அளவு எதையும் அங்கே கொண்டுபோகக் கூடாது.

பழைய சுவருக்கு மேலே நேரே கட்டலாமா என்ற கேள்வி இத்துடன் முடிந்தது. 5 அங்குலச் சிலாப் மட்டும் சதுர அடிக்கு 29 கிலோ. அதற்கு மேலே நிலப்பூச்சு, ஆட்கள், தளபாடம், 9 அடிச் சுவர், கூரை. இரும்புச் சட்டத்தில் பலகை போட்டு இலேசாக எழுப்பும் வழியும் பார்க்கப்பட்டது. சுமை பாதிக்கு மேல் குறையும், ஆனால் கம்பி போதாத கட்டுவளையில் இரும்புத் தூண் புள்ளியாக ஊன்றும். அதுவும் சரிவரவில்லை. முடிவில் பழைய சுவரைத் தொடாமல், அதன் மீது எதையும் ஏற்றாமல், எட்டுக் கொங்கிறீற் தூணில் புதிய சட்டகம்.

தூண் நின்ற இடம்

வலப்பக்கம் 1 அடி இடைவெளியில் 9 அங்குலத் தூணை நுழைக்கலாம். அடித்தகடு போட இடமில்லை. ஆகவே வலது வரிசை நான்கும் வீட்டுக்குள். இடது வரிசையை உள்ளே போட்டால் கீழறைகள் இரண்டு பக்கமும் நெரியும். வெளியே போட்டால் ஓடை ஒடுங்கும். வெளியே போடுவதென்று தீர்மானித்தது அங்குலக் கணக்கில்: பழைய அத்திவாரம் சுவருக்கு வெளியே 3 அங்குலம் நீட்டுகிறது. தூண் அதற்கு அப்பால் தொடங்கி 9 அங்குலம். மொத்தம் 1 அடி. ஓடையில் மிச்சம் 3 அடி 6 அங்குலம், அதாவது 1.07 மீற்றர். சபை கேட்டது 1 மீற்றர். பூச்சுக்கும் பலகை பிதுங்கலுக்கும் சேர்த்து 7 சென்ரிமீற்றர்தான் கையிருப்பு. அத்திவாரம் படத்தில் சொன்னபடி 18 அங்குலமாக இருந்திருந்தால் தூண் இன்னும் 3 அங்குலம் வெளியே தள்ளும். ஓடை 99 சென்ரிமீற்றராகும். யன்னல் எல்லாம் போய்விடும். கிடங்கு வெட்டிப் பார்க்காமல் படம் கீறினால் வரும் வினை இதுதான்.

தூண் நடுவிலிருந்து நடுவுக்கு அகலப்பாடாக 18 அடி, நீளப்பாடாக 10 அடி 1 அங்குலம். நடுத்தூண் ஒன்றுக்கு மேலிருந்து வரும் சுமை சுமார் 11 தொன். இடது தகடு 4 அடிக்கு 3 அடி 9 அங்குலம் (எல்லை மதிலின் அத்திவாரத்துக்கு 6 அங்குலம் விட்டால் அதற்கு மேல் அகலம் கிடையாது), வலது தகடு 4 அடிக்கு 4 அடி, இரண்டும் 1 அடித் தடிப்பு.

ஆனால் தூண் தகட்டின் நடுவில் இல்லை. இரு பக்கமும் பழைய அத்திவாரம் தடுப்பதால் தூண் தகட்டின் விளிம்பில் நிற்கிறது: இடப்பக்கம் நடுவிலிருந்து 18 அங்குலம் விலகி, வலப்பக்கம் 19½ அங்குலம் விலகி. இப்படியே விட்டால் தகடு ஒரு பக்கமாகச் சாயும், தூணும் கூடச் சரியும். அதைத் தடுக்க இடது தகட்டையும் வலது தகட்டையும் நிலத்துக்குக் கீழே ஒரு வளை பிடித்துக் கட்ட வேண்டும். இங்கே 12 அங்குல அகலம், 24 அங்குல ஆழம், மேலே மூன்று 16 மிமீ கம்பி, கீழே மூன்று 16 மிமீ.

இந்த வளையில்தான் மேசன்மார் வழக்கத்தில் தவறுவார்கள். சாதாரண வளையில் பெரிய கம்பி கீழே வரும் என்ற பழக்கத்தில் மேலே இரண்டு 10 மிமீயைக் கட்டிவிடுவார்கள். இங்கே வலப்பக்கத் தூண் தகட்டின் வெளிவிளிம்பில் அழுத்துவதால் அந்த முனையில் வளையின் மேற்பக்கம் இழுபடுகிறது. இடப்பக்கத்தில் தகடு தூணுக்கு வெளியே இருப்பதால் கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. ஒரே வளை, இரண்டு முனையில் இரண்டு விதம். இன்னொன்று: வளை பிடித்தவுடன் சுமை சமமாக இருக்காது. வலத் தகட்டுக்கு 13 தொன் வரை ஏறும், இடத் தகட்டுக்கு 9 ஆகக் குறையும். வலத் தகட்டை 16 சதுர அடிக்குக் குறைக்க முடியாதென்றது இதனால்தான்.

வளை இடப்பக்கப் பழைய அத்திவாரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். நான்கு இடத்தில் 14 அங்குல அகலத்துக்குக் கருங்கல்லை உளியால் கழற்றினார்கள். ஒன்றை உடைத்து, கம்பி விட்டு, கொங்கிறீற் போட்டு, மூன்று நாள் பொறுத்த பிறகே அடுத்தது. நான்கையும் ஒரே நாளில் திறந்தால் அந்தச் சுவர் பல்லுப்போன வாய் மாதிரித் தொங்கும். தகட்டுக் கிடங்கும் அப்படியே, ஒன்று விட்டு ஒன்று. கிடங்கின் அடி 2 அடி 9 அங்குலம்; பழைய அத்திவாரத்தின் அடியைவிட ஒரு அடி தாழ்வு. வெட்டிய அன்றே சீமெந்து, மணல், கல் 1:3:6 கலவையில் 3 அங்குலப் படுக்கை போட்டு, பழைய கல்லுக்குக் கீழே தெரியும் மண்முகத்தையும் அதே கலவையால் மூடிவிட வேண்டும். ஒரு இரவு மழை போதும், அந்த மண் வழிந்துவிடும். ஆகையால் நிலத்துக்குக் கீழான வேலை முழுதும் வைகாசி, ஆனியில் முடிந்தது. குடும்பம் அப்போது வீட்டுக்குள்தான் இருந்தது; கூரையை யாரும் தொடவில்லை.

கொங்கிறீற் கணக்கைப் பார்த்தால் வீட்டுக்காரர் பெரும்பாலும் திகைப்பார்கள். தகடு 124 கனவடி, குறுக்கு வளைகள் 143, நீளக் கட்டுவளைகள் 46, சேர்த்து 313. மேலே சிலாப்பும் அதன் பீம்களும் சேர்த்து 328. கண்ணுக்குத் தெரியும் தட்டுக்குப் போவதும் மண்ணுக்குள் போவதும் கிட்டத்தட்ட ஒன்று. மதிப்பீடு கேட்கும்போது "சதுர அடிக்கு இவ்வளவு" என்று மேல்மாடிக்கு ஒரு விலை சொல்பவர் இந்த 313 ஐ எங்கே எழுதியிருக்கிறார் என்று கேளுங்கள்.

சுவருக்கும் பீமுக்கும் இடையில் ஒரு அங்குலம்

தூண் 9 அங்குலச் சதுரம், 16 மிமீ நான்கு, 6 மிமீ வளையம் 6 அங்குலத்துக்கு ஒன்று. கம்பி ஒட்டு 2¼ அடி. ஒன்றரை அடியில் நிறுத்தும் பழக்கம் உண்டு, விடக்கூடாது. குறுக்குப் பீம் 9 அங்குலத்துக்கு 18 அங்குலம், சிலாப் தடிப்பும் உட்பட. கீழே 16 மிமீ ஐந்து, வளையம் முனைகளில் 4 அங்குலத்துக்கு ஒன்று, நடுவில் 5. சிலாப் 5 அங்குலம், 10 மிமீ கம்பி 6 அங்குலத்துக்கு ஒன்று, பீம்களுக்கு மேலே இரு பக்கமும் 2½ அடி நீட்டி மேற்கம்பி. இந்த மேற்கம்பியைக் கொங்கிறீற் காவுகிறவர்கள் மிதித்து மிதித்துக் கீழே தள்ளிவிடுவார்கள். பிறகு அது இருந்தும் இல்லாததுதான். கம்பிக் கதிரை வைத்துக் கட்டி, மேலே பலகைப் பாதை போட வேண்டும்.

கூரை கழற்றிய பின் பழைய சுவரின் தலை சிலாப்புக்கு மிக அருகில் வரும். பலகைச் செலவு மிச்சம் என்று சுவர்த்தலையிலேயே பீமை வார்ப்பது ஊர்வழக்கம். அப்படிச் செய்தால் முட்டுக் கழற்றிய கணத்திலிருந்து சுமை தூணுக்குப் போகாது, கிட்ட இருக்கும் சுவருக்குப் போகும். சுவர் தன் 12 அங்குல அத்திவாரத்தோடு அமிழும். யன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடும். எட்டுத் தூண் நாட்டியது வீண். இங்கே சுவர்த்தலைக்கு மேலே 1 அங்குல ரிஜிபோம் (இலேசான வெள்ளை நுரைத்தட்டு) வைத்து அதன் மேலே வார்க்கப்பட்டது. வலப்பக்கச் சுவரை மூடி நிற்கும் சிலாப் விளிம்புக்கும் அதே ஏற்பாடு. மேல்மாடிச் சுவர், கூரை எல்லாம் ஏறிய பிறகுதான் ரிஜிபோமைச் சுரண்டி எடுத்து மெல்லிய சுண்ணாம்புக் கலவையால் அடைத்தார்கள். தூணுக்கும் சுவருக்கும் இடையிலான 3 அங்குலத்தையும் இறுக்கி அடைக்கவில்லை. ரிஜிபோம் செருகி, பல்லி பாம்பு நுழையாதபடி வெளிவாயில் மட்டும் பூச்சு.

மலசலகூடக் குழாயைத் தூணுக்குள் புதைக்கும் கெட்ட பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. சுவர் வழவழப்பாக இருக்குமாம். 4 அங்குலக் குழாய் 9 அங்குலத் தூணில் ஆறில் ஒரு பங்கை விழுங்கிவிடும். வளையத்தையும் வெட்டித்தான் உள்ளே போகும். குழாய் பின்சுவருக்கு வெளியே, கண்ணுக்குத் தெரிகிறாற்போல இறங்கட்டும். அடைத்தால் திறக்கவும் முடியும்.

கச்சானில் சிலாப் போடுவது

வன்னியில் சிலாப் போடக் கோடைதான் காலம் என்பது சரி. ஆனால் ஆனி, ஆடியில் கச்சான் வீசும். அந்த உலர்காற்றில் கொங்கிறீற் இறுக முதலே மேற்பரப்பின் ஈரம் பறந்து, போட்ட சில மணிநேரத்துக்குள் கோணல்மாணலாக வெடிப்பு விழும். சீமெந்து சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவார்கள், குற்றம் காற்றில். மேற்கே படங்கு கட்டி, மட்டப்பலகை இழுத்த கையோடு பொலித்தீன் விரித்து, சின்ன வெடிப்புத் தெரிந்தால் இறுக முதல் மீண்டும் மரக்கரண்டியால் தேய்த்துவிட வேண்டும்.

328 கனவடிக்கு 1:1½:3 கலவையில் 50 கிலோச் சீமெந்து 75 பை, முக்கால் அங்குலக் கல் 2¾ கியூப், மணல் ஒன்றரைக் கியூப் (ஒரு கியூப் 100 கனவடி). பைக்கு 25 லீற்றர் தண்ணீர், மணல் ஈரமென்றால் அதிலும் குறைய. கலவை இறுகலாய் இருக்கிறதென்று வாளியால் ஊற்றுவதைக் கண்காணிக்க ஒரு ஆளை மிசின் பக்கத்திலேயே நிறுத்துவது நல்லது. கலவைக்கு மட்டும் 1900 லீற்றர். கழுவ, நனைக்க வேறு. கிணற்று மோட்டரை நம்பாமல் முதல்நாளே தாங்கியில் நிரப்பியிருந்தது. ஒரு பை மிசினில் விடிய ஆறு மணிக்குத் தொடங்கினால் பின்னேரம் முடியும். இடையில் மிசின் நின்றால் எங்கே நிறுத்துவது என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்: இரண்டு பீமுக்கு நடுப்பாகத்தில், நிமிர்ந்த பலகை வைத்து. பீமின் ஓரத்தில் சரிவாக விட்டுவிட்டு நாளைக்குத் தொடர்வது மிக மோசமான இடம்.

மணலுக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று ரிப்பர்காரரிடம் கேட்பது ஒருபுறம், சேறு எவ்வளவு என்று பார்ப்பது மறுபுறம். கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணல், முக்காலுக்கு உப்புத்தண்ணீர், குலுக்கி மூன்று மணிநேரம் வைத்தால் மேலே சேற்றுப் படை தெரியும். 10 சென்ரிமீற்றர் மணலுக்கு 8 மில்லிமீற்றருக்கு மேல் படிந்தால் அந்த லோட்டைத் திருப்பிவிடலாம். முல்லைத்தீவுக் கரைப் பக்கத்திலிருந்து வரும் மணல் எவ்வளவு வெள்ளையாய் இருந்தாலும் கம்பியுள்ள வேலைக்கு வேண்டாம். உப்பு கம்பியைத் தின்னும்.

அடுத்தநாள் தொடக்கம் பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர். சிலாப் முட்டு 14 நாளுக்குப் பிறகு, பீமடி முட்டு 21 நாளுக்குப் பிறகு. முட்டு நிற்கும் இடத்தில் புதிதாக நிரப்பிய கிடங்கு மண் இருந்தால் பலகை விரித்தே நிறுத்த வேண்டும். இங்கே அறைக்குள் வலது தகடுகளின் மேலே அப்படி நான்கு இடம் இருந்தது.

கம்பி ஏற்ற முதல் மின்சார சபையில் சொல்லி ஒழுங்கை வயரைத் தள்ளுவித்தார்கள். 20 அடிக் கம்பியை ஒடுங்கிய ஒழுங்கையில் நிமிர்த்தித் திருப்பும்போது வயரில் தொட்டு உயிர் போகும் ஆபத்து உண்டு.

மேலே

மேல் வலச்சுவர் பீமின் நடுவில் ஏறியதால் எல்லையிலிருந்து 1 அடி 10½ அங்குலம் உள்ளே போயிற்று. இழந்த அங்குலங்கள் இங்கே கைகொடுத்தன: தாவாரமும் பீலியும் சொந்தக் காணிக்குள்ளேயே அடங்கிவிட்டன. யன்னல் வைக்க முடியாத அந்த இருண்ட பக்கத்துக்கே படிக்கட்டைக் கொடுத்தார்கள். 10 அடி ஏற 7 அங்குலத்தில் 17 படி, மிதி 10 அங்குலம், நேரோட்டமாக 13 அடி 4 அங்குலம், 3 அடி அகலம்.

அறைகள் எல்லாம் ஓடைப் பக்கம் பார்த்தன. படம் கீறுபவர்கள் யன்னலுக்குத் தளப்பரப்பில் ஏழில் ஒன்று என்று எடுப்பார்கள்; 110 சதுர அடி அறைக்கு 4 அடிக்கு 4 அடி யன்னல் ஒன்று போதும். பக்கத்து வீட்டுக் கிணற்றடி நேரே கீழே தெரிந்த ஒரு யன்னலின் அடிமட்டத்தை 5 அடிக்கு உயர்த்தி, அகலத்தைக் கூட்டினார்கள். சபை கேட்டதல்ல. மதிலுக்கு மேலே தகரம் அடித்து மறைக்கும் சண்டை வராமலிருக்க இதுவே மலிவான வழி.

உட்சுவர் 4 அங்குலக் கல், பீம் இருக்கும் கோட்டில் மட்டும். சிலாப்பின் நடுவில் சுவர் வேண்டுமென்றால் பலகைத் தடுப்பு. குளியலறை பின்பக்கம், கீழ்க் குளியலறைக்கு நேர் மேலே. புதிய மலசலகூடத்தால் குழிக்குச் சுமை கூடும். கிணற்றுக்கும் ஊறுகுழிக்கும் 50 அடி என்ற கணக்கில் அயலவரின் கிணறுகளும் சேரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பது அதைத்தான். இங்கே குழியை முன்வளவுக்கு மாற்றவேண்டி வந்தது.

கூரைக்குப் பழைய ஓடுகளையும் முதிரை மரத்தையும் திரும்பப் பாவித்தார்கள். தகரம் இலேசு, ஆனால் 20 அடி உயரத்தில் காற்று வேறு மாதிரி. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவி வன்னியின் மேலாகத்தான் மன்னார்ப் பக்கம் போனது. ஓடோ தகரமோ, மேற்சுவரின் தலையில் வார்க்கும் வளைக்குள் 4 அடிக்கு ஒன்றாக 10 மிமீ கம்பி புதைத்து விட்டு, அதால் சுவர்வளையை (கூரையைத் தாங்கச் சுவர்த்தலையில் கிடக்கும் மரம்) சுற்றி மடக்கிக் கட்ட வேண்டும். ஆணி மட்டும் போதாது. ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏறியிருக்க வேண்டுமென்பதால், பூச்சை விட்டுவிட்டு முதலில் இதை முடித்தார்கள்.

அபிவிருத்தி அனுமதி அதில் குறித்த காலத்துக்குத்தான் செல்லும். வேலை இழுபட்டால் முடிய முதல் நீடிப்புக் கேட்க வேண்டும். சி.ஓ.சி. பார்க்க வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளவுநாடாவை வைத்தது மூன்றே இடத்தில்: ஒழுங்கை நடுவிலிருந்து முன்சுவர், மதிலிலிருந்து இடத் தூணின் பூச்சு முகம், வலப் பீலியின் வெளிவிளிம்பு. நடுத்தூண் ஒன்றில் பலகை கொஞ்சம் பிதுங்கியிருந்தது, அங்கே 1.04 மீற்றர். தப்பியது.

வீட்டுக்காரர் கடைசியாகக் கேட்டது, மேல்வளையில் தூண் கம்பியை 2 அடி நீட்டி விடலாமா, பிறகொரு காலம் மூன்றாம் மாடிக்கு உதவுமே என்று. வலத் தகடு இப்போதே சதுர மீற்றருக்கு 8.7 தொன் தாங்குகிறது. எடுத்துக்கொண்ட எல்லை 10. அதற்கு மேலே இன்னொரு தட்டு ஏறாது. வெறுமனே நீட்டிவிட்ட கம்பியில் ஊறும் துருவும் மழைத்தண்ணீரும் தூணுக்குள்தான் இறங்கும். கம்பியை வளைக்குள்ளேயே மடக்கி, இரண்டு அங்குலக் கொங்கிறீற்றால் மூடிவிட்டார்கள்.